கடைமடை நிலக்கடலை எவ்வளவு தண்ணீர் குடித்தது? வெப்பப் படத்தில் பார்க்கலாம்

கேள்வி: கீழ்பவானி ஆயக்கட்டில் எங்கள் மதகுக்குக் கீழே சுமார் 300 ஏக்கர். இரண்டாம் போகத்துக்கு ஐந்து நனைப்பு, அதாவது விட்டு விட்டு ஐந்து தவணை தண்ணீர் விடுகிறார்கள். தலைமடையில் நன்றாகப் பாய்கிறது, கடைமடையில் நிலக்கடலை வாடுகிறது. இதைச் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் காட்ட முடியுமா? செலவாகுமா?

பதில்: முடியும், படம் இலவசம். ஆனால் இன்று தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டலாமா என்று கேட்டால் இந்தப் படம் பதில் சொல்லாது. ஒரே மதகின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவு குடித்தனவா என்று கேளுங்கள், சொல்லும்.

வயலில் விழும் வெயிலில் ஒரு பங்கு மண்ணையும் ஒரு பங்கு காற்றையும் சுட வைக்கிறது. மிச்சம் தண்ணீரை ஆவியாக்கப் போகிறது. மண்ணிலிருந்து ஆவியாவதையும் இலை வழியே போகும் நீராவிப்போக்கையும் சேர்த்து ஈடி என்பார்கள். ஒரு லிட்டர் ஆவியாகச் சுமார் 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அதனால்தான் வேருக்குத் தண்ணீர் கிடைக்கிற பயிர் குளிர்ந்திருக்கிறது. கிடைக்காத பயிர் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது, சூடேறுகிறது. அந்தச் சூட்டை லேண்ட்சாட் 8, 9 என்ற இரண்டு அமெரிக்கச் செயற்கைக்கோள்களும் மேலிருந்து அளக்கின்றன. இரண்டும் சேர்ந்து 8 நாளைக்கு ஒருமுறை, காலை பத்து பத்தரை வாக்கில் கடக்கும்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பதிவு செய்து, கலெக்‌ஷன் 2 லெவல் 2 படத்தில் எஸ்டி பி10 (ST_B10) என்ற தரை வெப்பக் கோப்பை இறக்குங்கள். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்து, மதிப்பை 0.00341802 ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வின். அதில் 273.15 கழித்தால் செல்சியஸ்.

அப்புறம், நன்றாகக் குடித்த பயிரின் சூடும் குடிக்கவே இல்லாத நிலத்தின் சூடும் தெரிய இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளிர்ந்த இடத்துக்கு, நன்றாகப் பாய்ந்த அடர்த்தியான கரும்போ வாழையோ. சூடான இடத்துக்கு உங்கள் ஆயக்கட்டிலேயே வசதி இருக்கிறது: இந்தப் போகத்தில் முறை இல்லாத மதகுகளில் காய்ந்து கிடக்கும் வெற்று நிலம். எடுத்துக்காட்டாகச் சூடான இடம் 46 டிகிரி, குளிர்ந்த இடம் 31, உங்கள் கடைமடை 36 என்று வைப்போம். 46-இல் 36 போக 10. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் வித்தியாசம் 15. 10-ஐ 15 ஆல் வகுத்தால் 0.67. பக்கத்து வானிலை நிலையத் தரவிலிருந்து பென்மன்-மான்டீத் என்ற சூத்திரத்தில் கணக்கிட்ட அன்றைய ஒப்பீட்டு ஈடி (தண்ணீர்க் குறையே இல்லாத பசும்புல் தரையின் ஈடி) 6 மி.மீ. என்றால், அதை 0.67 ஆல் பெருக்க, கடைமடை குடித்தது சுமார் 4 மி.மீ. ஏக்கருக்கு ஏறத்தாழ 16,000 லிட்டர். தோராயக் கணக்குதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். இதே வெப்பப் படத்திலிருந்து ஈடியைக் கணக்கிடும், இதைவிட நுணுக்கமான மெட்ரிக் (METRIC) என்ற முறையை அமெரிக்காவின் ஐடஹோ மாநில நீர்வளத் துறை நீர் உரிமை நிர்வாகத்திலேயே பயன்படுத்துகிறது.

இந்த வெப்பப் படத்தில் ஒரு கட்டம் 100 மீட்டர், அதாவது இரண்டரை ஏக்கர். இறக்கும் கோப்பில் 30 மீட்டர் என்று போட்டிருக்கும், அதை நம்பித் தனி வயலைப் பற்றிப் பேசாதீர்கள். வரப்போரத் தென்னையும் கட்டத்துக்குள் வந்துவிடும். உங்கள் 300 ஏக்கருக்கு 120 கட்டம் கிடைக்கும். மேல்பாதி சராசரி, கீழ்பாதி சராசரி எடுக்க அது தாராளம்.

பெரிய சிக்கல் கிணறு. கடைமடைக்காரர் வாய்க்கால் தண்ணீர் வராமல் மோட்டார் போட்டுப் பாய்ச்சியிருந்தாலும் படத்தில் வயல் குளிர்ச்சியாகத்தான் தெரியும். எந்தத் தண்ணீர் என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது. கீழ்பவானியில் பல கிணறுகள் வாய்க்கால் கசிவால் ஊறுபவை என்பதால் இது இன்னும் குழம்பும். மின்சாரமும் கிணறும் இருப்பவருடைய குளிர்ச்சியைக் காட்டி, இல்லாதவருக்கும் தண்ணீர் வந்ததாகச் சொல்லிவிட இடம் கொடுக்கக்கூடாது. ஆகவே ஒவ்வொரு நனைப்புக்கும் யார் யார் மோட்டார் போட்டார்கள் என்று சங்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கிணறு இல்லாத வயல்கள் சேர்ந்து கிடக்கும் பகுதியைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

மேகம் இருந்தால் படம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை நெல்லுக்கு இது பெரும்பாலும் கைகொடுக்காது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவு, உங்களுக்கு அதுதான் தேவை. ஒரே நாள் படத்துக்குள், ஒரே பருவத்தில் விதைத்த கடலையை மட்டும் ஒப்பிடுங்கள். இளம்பயிருக்கு இடையில் வெற்று மண் தெரிந்தால், குறைவாகக் குடித்த மாதிரியே தெரியும். கவனமாகச் செய்தாலும் 10 முதல் 20 விழுக்காடு பிசகும், எனவே சின்ன வித்தியாசத்தை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம். மூன்று நான்கு நனைப்பிலும் கீழ்பாதி தொடர்ந்து கால்பங்குக்கு மேல் குறைந்தால், அந்தப் படங்களையும் மோட்டார் நோட்டையும் எடுத்துக்கொண்டு உதவிப் பொறியாளரிடம் போய், மதகு திறந்த நாள், அளவுப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.