எலுமிச்சைக்கு மசியாத ஹைலைட்டர் மை: கேள்வி பதில்

ஒளிரும் சாயங்கள், குறிப்பாகப் புரதத்தில் ஒட்டிக்கொண்ட சாயங்கள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

லாஸ்பேட்டை மாணவி: அக்கா, மஞ்சள் ஹைலைட்டர் மையைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்தேன். நிறம் வெளுத்துப்போச்சு. ஆனா கள்ளநோட்டு பார்க்கிற டார்ச் அடிச்சா பழையபடி பச்சையாவே ஒளிருது. ஏன்?

பதில்: நல்லா கவனிச்சிருக்கேம்மா. பல மஞ்சள் ஹைலைட்டர்களில் இருப்பது பைரனின் என்ற சாயம். ஒரு பொருள் தன் புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) எவ்வளவு எளிதில் விடும் என்று சொல்வது பிகேஏ மதிப்பு. அது குறையக் குறைய அமிலம் வலுவாகும். சாதாரணமாக இந்தச் சாயத்தின் பிகேஏ 7.3 போல இருக்கும். அதனால் எலுமிச்சைச் சாற்றில் தன் புரோட்டானை விடாமல் வைத்துக்கொள்ளும், நிறம் வெளுக்கும். புறஊதா ஒளி பட்டதும் அந்த மதிப்பு 1-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். சாதுவாக இருந்த சாயம் வலுவான அமிலமாகிவிடும். சுமார் 100 பிக்கோநொடியில் (ஒரு பிக்கோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) புரோட்டானைப் பக்கத்துத் தண்ணீரிடம் தள்ளிவிட்டு, அதற்கப்புறம்தான் ஒளிரும். பச்சை, புரோட்டானை இழந்த வடிவத்தின் ஒளி. இழக்காத வடிவம் நீலமாக ஒளிரும். அதைப் பார்க்கத் தண்ணீர் கலக்காத எத்தனால் வேண்டும். பாண்டிக்காரர்கள் பாட்டிலைத் திறந்துவிடாதீர்கள். கடைச் சரக்கில் ஆல்கஹால் 42.8 சதவீதம்தான், மீதி தண்ணீர்!

தட்டாஞ்சாவடியிலிருந்து: இதில் புரதம் எங்கே வருது?

பதில்: சாயம் புரதத்தின் இடுக்கில் போய் உட்கார்ந்தால், புரோட்டானை யார் வாங்குவது என்பதை அந்த இடுக்குதான் தீர்மானிக்கும். தண்ணீர் எட்டாவிட்டால் நீலம் தங்கிவிடும். ஆகவே நிறத்தையும் வேகத்தையும் வைத்து உள்ளே எவ்வளவு ஈரம் என்று கணிக்கலாம். டெல் அவீவில் கட்மன், ஹுப்பர்ட் குழுவினர் 1982-ல் தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபின் புரதத்திலிருந்து ஹீம் என்ற இரும்புள்ள பகுதியை எடுத்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் பைரனினை உட்காரவைத்து இப்படித்தான் அளந்தார்கள்.

வில்லியனூரிலிருந்து: ஜெல்லிமீனின் பச்சைப் புரதமும் இந்தக் கதைதானா?

பதில்: இதேதான், இன்னும் அழகாக. 1962-ல் ஷிமோமுரா குழு அறிவித்த புரதம் அது, 2008-ல் நோபல். அங்கே சாயம் வெளியிலிருந்து வருவதில்லை. 65, 66, 67-ஆம் அமினோ அமிலங்கள் மூன்றும் தாங்களே சேர்ந்து சாயமாகிவிடுகின்றன. 395 நானோமீட்டர் ஒளி பட்டதும் அவற்றில் நடுவிலுள்ள டைரோசின் 66 தன் புரோட்டானை விடும். ஒரு தண்ணீர் மூலக்கூறு, செரின் 205 என்ற அமினோ அமிலம் வழியாகக் கடைசியில் இன்னொரு அமினோ அமிலமான குளுடமேட் 222-க்கு ஒரு புரோட்டான் போய்ச் சேரும். வரிசையில் நின்று குடம் கைமாற்றுவது போல. ஆனால் ஒரே குடம் கடைசிவரை போவதில்லை. ஒவ்வொருவரும் தன் கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு முன்னவருடையதை வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாம் சில பிக்கோநொடிகளில் முடிந்துவிடும். பிறகு 508 நானோமீட்டரில் பச்சை.

கடலூர் முதுநகரிலிருந்து: ஓடுவது புரோட்டான்தான்னு எப்படிச் சொல்றீங்க?

பதில்: சாதாரணத் தண்ணீருக்குப் பதில் கனநீர். புரோட்டான் இருந்த இடத்தில் இரு மடங்கு நிறையுள்ள டியூட்டிரியம் வந்துவிடும். ஜெல்லிமீனின் பச்சைப் புரதத்தில் அப்படிச் செய்தபோது பச்சை எழும் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இது.

வீராம்பட்டினத்திலிருந்து: சில ராத்திரி அலை நீலமா மின்னுதே, அதுவும் இதுவா?

பதில்: இல்லை அண்ணே, அங்கே திசையே எதிர். இங்கே ஒளி பட்டுப் புரோட்டான் ஓடும், அங்கே புரோட்டான் ஓடி ஒளி வரும். நாக்டிலூக்கா போன்ற நுண்ணுயிரியை அலை உலுக்கும்போது, செல்லுக்குள் இருக்கும் சிறு பைகளில் புரோட்டான் பாய்ந்து அமிலம் கூடும். அதில் லூசிஃபெரேஸ் நொதி விழித்துக்கொண்டு ஒளி தரும்.

நெல்லித்தோப்பிலிருந்து: மஞ்சள்தூளில் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். தண்ணீரில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் மங்கல்தான். ஆல்புமின் என்ற புரதத்தில் ஒட்டினால் ஒளி கூடும். டார்ச்சைக் கண்ணில் மட்டும் அடிக்காதீர்கள்.