அலை ஒளிர்ந்த மறுநாள் மட்டி வாங்கலாமா?

தாராவி 90 அடி சாலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நவம்பரில் ஒரு நாள் இரவு ஜூஹூ கடற்கரையில் அலை நீலமாக மின்னியதைப் பார்த்தோம். அது விஷப்பாசி என்கிறார்கள். அந்தச் சமயத்தில் மட்டி வாங்கலாமா? நன்றாகக் கொதிக்க வைத்தால் போதாதா?"

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிரியாக இருக்கும். மன்னார் வளைகுடா மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். அந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்துச் சற்று நேரம் அசைக்காமல் வைத்தால், பொடித்த ஜவ்வரிசியைப் போன்ற நுண்மணிகள் மேலே மிதந்து வருவதைக் காணலாம்; இருட்டில் குவளையைத் தட்டினால் அவை மின்னும். இது மனிதருக்கு நஞ்சூட்டுவதாக அறியப்படவில்லை. ஆனால் தன்னுள் சேர்த்துவைக்கும் அம்மோனியாவாலும், செத்து அழுகும்போது நீரின் ஆக்சிஜனைக் குறைத்துவிடுவதாலும் மீன்களைக் கொல்லக்கூடியது. 2019 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர் அருகே கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதற்கு இதுவே காரணம்.

வெப்பம் கூடினால் பாசி பெருகும் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். வெதுவெதுப்பான, அசைவற்ற நீரை விரும்பும் டிரைக்கோடெஸ்மியம் என்னும் பாசி கோடையை ஒட்டி மரத்தூள் போலப் படரும். பூங்கோரைக்கோ இரைதான் முக்கியம். தென்மேற்குப் பருவமழை நிலத்து உரச்சத்தையும் மித்தி ஆறு போன்றவை நகரக் கழிவையும் கடலில் சேர்த்த பிறகு, காற்று தணிந்து வெயில் தெளியும்போது நுண்பாசிகள் செழிக்கின்றன. அவற்றைத் தின்று பூங்கோரை பெருக, நீரோட்டம் அதைக் கரையோரமாகத் திரட்டித் தருகிறது. கழிவுநீர் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கொட்டுகிற அளவுக்குச் சிலிக்காவைத் தருவதில்லை. அதனால் சிலிக்கா ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம் என்னும் நல்ல பாசிகள் பின்தங்கி, சவுக்கு போன்ற இழையால் நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் முந்துகின்றன. மனிதருக்கு நஞ்சாகும் அலெக்சாண்ட்ரியம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. சூழல் ஒவ்வாதபோது இது உறைகட்டி அடிச்சேற்றில் கிடந்து, ஏற்ற காலம் வந்ததும் முளைக்கும்.

ஆகவே ஒளியைப் பார்த்து நஞ்சைத் தீர்மானிக்க முடியாது. நஞ்சுள்ள நீர் கண்ணுக்குச் சாதாரணமாகவே தெரியலாம். மட்டி விஷயத்தில் நான் கறாராகச் சொல்வதற்குக் காரணம், அது நாளெல்லாம் கடல்நீரை வடிகட்டிப் பாசியையும் அதன் நஞ்சையும் தன் சதையில் சேர்த்துக்கொள்வதுதான். 1981இல் தமிழ்நாட்டில் மட்டி தின்ற மூவரும், 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்ற ஏழு பேரும் இப்படி இறந்தார்கள். சாக்சிடாக்சின் என்னும் அந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது, புளிக்கும் மஞ்சளுக்கும் அடங்காது.

எனவே நீர் நிறம் மாறியிருக்கும் நாட்களிலும், தெளிந்த பின் சில வாரங்களுக்கும் அந்தப் பகுதி மட்டியைத் தவிர்த்துவிடுங்கள். தின்ற சில மணி நேரத்துக்குள் உதடும் விரல்நுனியும் மரத்துப்போனால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாற்றுமருந்து கிடையாது, மூச்சுக்குத் துணைசெய்யும் கருவிதான் காப்பாற்றும். வாவல் போன்ற மீன்களைக் குடல் நீக்கிக் கழுவிச் சமைக்கலாம். செத்துக் கரை ஒதுங்கிய மீனை மட்டும், சும்மா கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.