லாஸ் ஏஞ்சலஸில் சிகெய்ரோஸ் வரைந்த சுவரோவியத்தை ஏன் வெள்ளையடித்து மறைத்தார்கள்?

கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. 1932-இல் ஒல்வேரா தெருவில், ஒரு மாடிச் சுவரில் 'வெப்பமண்டல அமெரிக்கா' என்று வரையச் சொன்னார்கள். சுற்றுலாத் தெரு அது. பழமும் கிளியுமாக எதிர்பார்த்திருப்பார்கள். மெக்சிகோ ஓவியர் தாவித் அல்ஃபாரோ சிகெய்ரோஸோ தீவிர இடதுசாரி. நடுப்பகுதியைக் கடைசிவரை காலியாக வைத்திருந்து, திறப்புக்கு முந்தைய இரவில் முடித்தார்: சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதன், தலைக்கு மேல் அமெரிக்கக் கழுகு. ஓரத்தில் அந்தக் கழுகைக் குறிபார்க்கும் துப்பாக்கிக்காரர்கள் வேறு! மெக்சிகோக்காரர்களை அமெரிக்கா கூட்டங்கூட்டமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம். அப்புறம் என்ன, தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்கு முதலில் வெள்ளையடித்தார்கள். சில ஆண்டுகளில் முழுச் சுவருக்கும். பின்னாளில் பூச்சு உதிர்ந்து ஓவியம் எட்டிப் பார்த்தது. மாநகராட்சியும் 'கெட்டி' (Getty) என்ற கலைப் பாதுகாப்பு நிறுவனமும் அதைப் பாதுகாத்து 2012-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தன. மங்கிய நிறங்களை மறுபடி தீட்டவில்லை. அதுவே சரி என்பேன்.