காதுக்குள்ள ஏதும் போனா என்ன செய்யிறது? உங்கட கேள்விகளுக்கு பதில்

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு அம்மா: மகன் விளையாட்டுக் காரில இருந்த பட்டன் பற்றரியை காதுக்குள்ள போட்டுட்டான். அழேல்ல. நாளைக்கு காட்டினா போதுமா டொக்டர்?

போதாது அம்மா, இப்பவே வெளிக்கிடுங்கோ. காதில இருக்கிற ஈரம் பட்டதும் பற்றரியில இருந்து கரண்ட் ஓடி அந்த இடத்தில எரிகாரம் உண்டாகும், அது 2 மணித்தியாலத்துக்குள்ளயே தோலை எரிச்சுப் புண்ணாக்கிரும், விட்டா செவிப்பறையும் ஓட்டையாகும். வேலை செய்யாத பழைய பற்றரி தானே எண்டு இருக்காதீங்கோ, அதிலயும் புண்ணாக்கிற அளவுக்கு கரண்ட் மிச்சம் இருக்கும். எண்ணெய், தண்ணி, சொட்டு மருந்து ஒண்டும் விடவேண்டாம். நேர பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்கோ, வாகனம் இல்லாட்டி 1990க்கு கோல் எடுங்கோ, அந்த அம்புலன்ஸுக்கு காசில்லை. போட்டது பற்றரியா மணியா எண்டு சரியா தெரியாட்டியும் பற்றரி எண்டே நினைச்சு ஓடுங்கோ.

தெஹிவளை வாசகர்: ராத்திரி படுக்கேக்க பூச்சி ஒண்டு காதுக்குள்ள போய் உள்ள நிண்டு பிராண்டுது, உயிர் போற நோ.

காதில சீழ் வடியேல்ல, செவிப்பறையில முந்தி ஓட்டை இல்லை, டொக்டர்மார் செவிப்பறையில டியூப் வைக்கேல்ல எண்டா மட்டும் தலையை சரிச்சு, அந்தக் காது மேல இருக்கிற மாதிரி படுத்து, இளஞ்சூட்டில தேங்காய் எண்ணெய் கொஞ்சம் விடுங்கோ. பூச்சி செத்தா பிராண்டல் நிண்டிரும். டோர்ச் அடிச்சு கூப்பிடுறதெல்லாம் வேண்டாம், கரப்பான் வெளிச்சத்துக்கு பயந்து இன்னும் உள்ள போகும். செத்த பூச்சியை அடுத்த நாள் காது மூக்கு தொண்டை (ஈஎன்டி) கிளினிக்கில எடுக்கலாம், கால் கீல் உடைஞ்சு உள்ள நிண்டா வீங்கும், அதால காட்டாம விடாதீங்கோ.

வெள்ளவத்தை அம்மம்மா: பேத்தி கௌபி விதை போட்டுட்டாள், தண்ணி அடிச்சு கழுவட்டா?

ஐயோ வேண்டாம் அம்மா! கௌபி, பயறு, கடலை எல்லாம் தண்ணியில ஊறி பருத்து இறுகிரும். ஹெயார் பின், சட்டை ஊசி, புருவம் பிடுங்கிற சாமணம் எதையும் கிட்ட கொண்டு போகாதீங்கோ, காதுக்குழாய் நடுவில ஒடுங்கும், உருண்டையான சாமானை சாமணத்தால பிடிச்சா வழுக்கி அந்த ஒடுக்கத்தையும் தாண்டி உள்ள போயிரும், பிறகு மயக்கம் குடுத்துத்தான் எடுக்க வரும். முதல் தரம் எடுக்கிறவர் பழகின கையா இருந்தாத்தான் லேசா வரும், பிள்ளை பயந்து தலையை ஆட்டத் தொடங்கினா எங்களுக்கும் கஷ்டம். மற்றக் காதையும் மூக்கையும் பார்க்கச் சொல்லுங்கோ, பிள்ளைகள் ஒரு இடத்தோட நிப்பாட்டிறேல்ல.

பம்பலப்பிட்டி வாசகர்: பட்ஸ் பஞ்சு கழண்டு உள்ள நிக்குது.

அவசரமில்லை, ரெண்டொரு நாளில காட்டினா போதும். இரத்தம், தலைசுத்து, காது கேக்காம போறது இருந்தா மட்டும் அண்டைக்கே போங்கோ. பட்ஸை இனி விடுங்கோ, காதுக் குடும்பி தானா வெளிய வரும்.