பூ வேலைக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் எங்கள் வீடு. மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் மாதம் 16,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷமாக லீவு நாட்களில் சர்ச் பீட அலங்காரம், மணப்பெண் பொக்கே, ரீத் (இறுதி அஞ்சலி மலர்வளையம்) எல்லாம் செய்து கொடுக்கிறேன். கையில் 2,40,000 ரூபாய் இருக்கிறது. நகையை வைத்து 4 லட்சம் எடுத்து, குளிர் அலமாரியோடு கடை போட்டுவிடு என்கிறார் அண்ணன். வேலையை விடலாமா?

பதில்: இப்போது விட வேண்டாம். நகையையும் தொட வேண்டாம். உங்கள் கையில் தொழில் இருக்கிறது, அதை முழுநேரமாக்குவது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் அதற்குக் கடை முதல் படி ஆகாது. 10 சதவீத வட்டி என்று வைத்தாலும் 4 லட்சத்துக்கு மாதம் 3,300 ரூபாய்க்கு மேல் போகும். அதோடு வாடகை, கரண்ட் பில். ஜவுளி விற்காவிட்டால் அலமாரியில் கிடக்கும், பூ சாயங்காலமே குப்பைக்குப் போகும். கடைக்குத் தினமும் பூ வாங்கி வைத்தாக வேண்டும். ஆர்டருக்கு மட்டும் வாங்கினால் அந்த நஷ்டம் இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது விலை போடும் முறை. ஒரு பீட அலங்காரத்தை எடுத்துக்கொள்வோம் (விலைகள் கணக்குக்காக). ரோஜா 2 கட்டு 480, ஜெர்பெரா 2 கட்டு 160, இலை 150, பூ குத்தி நிறுத்தும் பச்சை ஃபோம் 3 கட்டி 210, ஆட்டோ 300. ஆக 1,300. உங்கள் 4 மணி நேர உழைப்புக்கு 600, போன், கத்தரி, கம்பி, கரண்டுக்கு 300. அடக்கம் 2,200. அதன் மேல் 25 சதவீத லாபம் சேர்த்தால் 2,750. வீட்டிலிருந்து செய்கிறவர்கள் அந்த 600-ஐயும் 300-ஐயும் எழுதுவதே இல்லை. 1,800 வாங்கிவிட்டு 500 லாபம் என்று சந்தோஷப்படுகிறார்கள். அது அவர்கள் கூலியே.

இதே வேலைக்கு முகூர்த்த நாளில் பூ விலை இரட்டித்தால் அடக்கம் 2,840 ஆகிவிடும், கையை விட்டு 90 ரூபாய் போகும். ஆகவே விலைச் சீட்டில் இந்த இரண்டில் ஒரு வரி எழுதுங்கள்: 'பூ விலை உயர்ந்தால் வித்தியாசம் தனி' அல்லது 'அதே நிறத்தில் வேறு பூ வைக்கப்படும்'. ஆர்டர் உறுதியாகும்போது பாதிப் பணம், ஓசூர் ரோஜாவுக்குச் சொல்வதற்கு முன் மீதி. வாங்கிய பூவை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று: கட்டுக்கு 20 ரோஜா என்றால் இரண்டு மூன்றாவது கழுத்து ஒடிந்தோ இதழ் கருகியோ இருக்கும். 40 பூவுக்கு வடிவம் போட்டால் மூன்றாவது கட்டு வாங்க வேண்டிவரும். 35-க்குப் போடுங்கள்.

ஃபோமைத் தண்ணீரில் கையால் அமுக்காதீர்கள். மேலே வைத்துவிட்டால் தானே குடித்து இறங்கும். அமுக்கினால் நடுவில் காற்று நின்றுவிடும், அங்கே குத்திய பூ பூசை முடிவதற்குள் தலை தொங்கும். வாளியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள், தண்டைச் சாய்வாக வெட்டுங்கள், தண்ணீருக்குள் இலை இருக்கக் கூடாது. ரோஜாவை ஓர் இரவு வைக்க வீட்டு ஃபிரிட்ஜே போதும், ஆனால் உள்ளே வாழைப்பழம், மாம்பழம் எதுவும் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயுவில் பூ சீக்கிரம் முதிரும். ஆர்க்கிட், ஆந்தூரியத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் கருத்துப்போகும், வெளியே நிழலில் வையுங்கள்.

கேரள எல்லையோரத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. ஆடியும் கேரளத்தின் கர்க்கடகமும் ஒன்றுதான், அந்த மாதம் இரு பக்கமும் இந்துக் கல்யாணம் இருக்காது. மார்கழியும் அப்படித்தான், ஆனால் அப்போது கிறிஸ்துமஸ் வேலை வரும். தவக்காலத்தில் சர்ச் கல்யாணம் நின்றாலும் ரீத் நிற்காது. ஓணத்துக்கு, அத்தம் முதல் திருவோணம் வரையிலான பத்து நாட்களில், கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்க அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பூக்கள (பூக்கோல) ஆர்டர் பிடிக்கலாம். கேந்தி (செண்டுமல்லி), வாடாமல்லி, அரளி எல்லாம் தோவாளைப் பூச்சந்தையிலேயே கிடைக்கும். கவனம், கேந்தியின் காம்பையும் பச்சைப் புல்லியையும் கிள்ளிவிட்டால் எடை நன்றாகக் குறையும். முழுப் பூவின் கிலோ விலைக்கே இதழாகக் கொடுத்தால் நஷ்டம்தான். திருவோணத்தன்று காலை கையில் மிஞ்சியதைக் கேட்க ஆளிருக்காது, அதனால் கடைசி நாளுக்கு ஆர்டர் அளவுக்கு மட்டும் எடுங்கள்.

உங்கள் 2,40,000-ஐ இப்படிப் பிரிக்கலாம். 1 லட்சம் வங்கி டெபாசிட், ஆறு மாதச் சம்பளத்துக்கு ஈடு, அதைத் தொழிலுக்கு எடுக்காதீர்கள். 60,000 ஸ்டாண்ட், வாளி, கருவிகளுக்கு. 50,000 பூ வாங்கும் சுழற்சிப் பணம், இதற்குத் தனி வங்கிக் கணக்கு. 30,000 பயிற்சிக்கு. மேடை அலங்காரம் தெரிந்தவரிடம் சில கல்யாணங்களுக்கு உதவியாகப் போவது இதில் மிகப் பயனுள்ளது. தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அரளியை மடித்துக் கட்டும் அந்த வேலையைக் கற்றால் பொக்கே மட்டும் செய்கிறவர்களிடமிருந்து தனித்துத் தெரிவீர்கள்.

பிறகு கடன் தேவைப்பட்டால் அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) இலவசம், இப்போதே செய்துவிடுங்கள். பூவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அலங்காரச் சேவைக்கு 18 சதவீதம். இரண்டையும் செய்கிறவருக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அந்த 20 லட்சத்தில் வரியில்லாத பூ விற்பனையும் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வேலையை விடுவதற்கு அளவுகோல்: ஆடி, மார்கழி இரண்டும் உட்பட 12 மாதக் கணக்கை எழுதுங்கள். எல்லாச் செலவும் போக மாதச் சராசரி 20,000 நின்றால் ஜவுளிக்கடையில் சொல்லிவிடலாம். குளிர் அலமாரி விலையை அன்றைக்கு விசாரிக்கலாம்.