விரல் ஒரு வரி, வாய் ஒரு வரி

அன்புள்ள ஐயா,

‘கற்கும் பாரதம்’ எழுத்தறிவுத் திட்டம் நடந்த காலத்தில் பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமத்தில் பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தேன். இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத் தன்னார்வலர்களுக்கு வழிகாட்டச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் சின்னப் பிள்ளைகள். கற்போர் எழுத வேண்டிய தேர்வை நினைத்துப் பயந்து, மாதிரி வினாத்தாள் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்கட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வினாத்தாளைத் தாராளமாகக் கொடுங்கள். படித்தல், எழுதுதல், கணக்கு தலா 50, மொத்தம் 150 மதிப்பெண்; ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் வேண்டும். இதைச் சொல்ல ஒரு சாயங்காலம் போதும். அப்புறம், கற்பவர் எப்படிப் படிக்கிறார் என்று கூர்ந்து கேட்க அந்தப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மையத்தில் ஒரு பாட்டி மூன்றாம் பாடத்தைத் தங்குதடையின்றிப் படித்தார். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குப் பூரிப்பு. நான் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விரல் இரண்டாம் வரியில் இருந்தது, வாய் நான்காம் வரிக்குப் போய்விட்டது. தாலாட்டும் ஒப்பாரியும் மனசிலேயே வைத்திருக்கிறவருக்கு ஒரு பாடம் மனப்பாடமாவது பெரிய காரியமா? சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். பாட்டி வெகுநேரம் பார்த்துவிட்டு, பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

அதனால்தான் சொல்கிறேன், எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, கடைசி வரியிலிருந்து படிக்கச் சொல்லட்டும். பாடத்தில் உள்ள சொற்களையே மாற்றிப் போட்டுப் புது வாக்கியமாகத் தாளில் எழுதித் தரட்டும்.

தமிழில் பெரியவர்கள் தடுக்குகிற இடம் கொம்பு. கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, ஆனால் அதன் ஒலி பின்னால்தான் வரும். ‘கொ’வில் ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால். குடை, கொடை, கோடை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு வாரம் அதிலேயே இருந்தாலும் நேரம் வீணில்லை. ‘காரம்’ என்பதில் காலையும் ‘ர’வையும் குழப்பிக்கொள்வார்கள். அதற்குக் கோபப்படக் கூடாது. அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

அந்தப் பாட்டி விஷயத்தில் நான் கவனிக்காத ஒன்றும் உண்டு. அடுத்த வாரம் போனபோது பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டு, அதேபோல ஒரு டிக்கெட்டைக் கொடுத்தேன். மெதுவாக, எழுத்து எழுத்தாக, ஊர்ப் பெயரைப் படித்தார். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பொருள் மங்கும். தேர்வுக்கு முன்பே கற்போர் எல்லோருக்கும் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.