பழைய பேப்பருக்குப் போட்ட நோட்டு

அன்புள்ள ஐயா,

ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆம்பூரில் ஒரு தோல் மண்டிக் குடும்பத்திடமிருந்து 1967-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 ஒன்றை வாங்கிச் சீர்செய்தேன். வேலைக்கும் அதில்தான் போகிறேன். கார் வந்த பிறகு அதைச் சுற்றியுள்ள பொருட்கள் மேலும் ஆசை வந்துவிட்டது. இன்று என்னிடம் 40 ஆயில் டின்கள், 11 எனாமல் விளம்பரப் பலகைகள், ஒரு பெட்டி நிறையப் பழைய பிளக்குகள், கிரில்லில் மாட்டும் சங்க பேட்ஜ்கள், கல்கத்தாவில் செய்த நிக்கி பொம்மைக் கார்கள் ஏழு, கார் படம் போட்ட தீப்பெட்டிப் படங்கள் ஒரு ஆல்பம் ஆகியவை இருக்கின்றன. பர்மா ஷெல் பலகை ஒன்றை ஓவியரிடம் கொடுத்துப் புதுசுபோல வர்ணம் அடித்தேன்.

இருப்பது ஒரே அறை. என் மனைவி, "இது வீடா, காயலான் கடையா?" என்கிறார். இடம் செய்வதற்காகப் போன மாதம் டிக்கியோடு வந்த ஒரு சாக்குக் காகிதத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டேன். பெட்ரோல் ரசீது, ஒர்க்‌ஷாப் பில், முன்பு ஓட்டிய டிரைவர் எழுதிய இரண்டு நோட்டு, எல்லாம் செல்லரித்தவை. அப்படியும் இடம் போதவில்லை. இது பொழுதுபோக்கா, வியாதியா? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? என் காருக்குப் பழம்வண்டிகளுக்கான 'வி.ஏ.' எண் வாங்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், ராணிப்பேட்டை

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை ஆசையாகப் படித்தேன். இரண்டாவது முறை அந்தச் சாக்கு கண்ணில் பட்டது. மூன்றாவது முறை படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எண் போட்டுப் பதில் எழுத இன்று எனக்கு மனம் இல்லை.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இது வியாதி இல்லை. கார் சேர்ப்பவர்கள் கார்களோடு நின்றதே கிடையாது. கலிபோர்னியாவில் நெதர்கட் என்ற அழகுப்பொருள் வியாபாரி பழைய கார்களுக்குப் பக்கத்திலேயே தானாக இசைக்கும் பியானோக்களையும், ஒரு கூடமே அதிரும் பெரிய வுர்லிட்சர் ஆர்கனையும் சேர்த்து வைத்தார். முல்லின் என்பவர் புகாட்டி கார்களை வாங்கியதோடு விடாமல், அந்தக் குடும்பத்துத் தகப்பன் செய்த நாற்காலிகளையும், இளைய மகன் வார்த்த யானை, சிறுத்தைச் சிலைகளையும் தேடித் தேடி வாங்கினார். இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரில் 1967-இலிருந்து கார் உதிரிகளுக்கும் பழம்பொருளுக்கும் ஒரு சந்தை கூடுகிறது. ஆகவே நீங்கள் தனி ஆள் இல்லை.

வி.ஏ. எண் உங்களுக்குத் தேவையே இல்லை. 2021-இல் வந்த மத்திய விதி 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கானது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பழம்வண்டி என்று பதிவு செய்துகொண்டால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுக்கலாம், தினமும் வேலைக்கு ஓட்ட முடியாது. விண்ணப்பத்துக்குப் பழைய ஆர்.சி. புத்தகம் வேண்டும். அதுவும் அந்தச் சாக்கில் போய்விடவில்லையே?

உங்கள் மனைவி சொல்வது நியாயம். அறை அவருக்கும் சொந்தம். 40 ஆயில் டின்னில் ஒரே மாதிரி இருப்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், பாதியை மனம் நோகாமல் கொடுத்துவிடலாம். பிளக்குகளில் ஐந்து போதும். அடியில் எண்ணெய் தங்கிய டின்னை வீட்டுக்குள் வைக்காதீர்கள், குழந்தைகள் நடமாடும் இடம்.

பர்மா ஷெல் பலகைக்கு வருகிறேன். அந்த நிறுவனம் 1976-இல் அரசுடைமையாகி, பிறகு பாரத் பெட்ரோலியம் ஆனது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே எஸ்ஸோ போய் இந்துஸ்தான் பெட்ரோலியம் வந்துவிட்டது. பங்க்குகளிலிருந்து இறக்கிய பழைய பலகைகள் நம் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்து சேர்ந்தன. பள்ளிகொண்டா பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்டுக்கொட்டகையின் கதவாக ஒரு பர்மா ஷெல் பலகையை நான் பார்த்திருக்கிறேன். ஆடுகள் முதுகைத் தேய்த்துத் தேய்த்துக் கீழ்ப்பாதி பளபளவென்று இருந்தது. எனாமல் என்பது வர்ணமே இல்லை, தம்பி. கண்ணாடிப் பொடியை இரும்புத் தகட்டின்மேல் தூவி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருக்கிப் பிடிக்க வைப்பது. அதனால்தான் 70 வருட வெயிலிலும் அந்த மஞ்சளும் சிவப்பும் வெளுக்காமல் இருக்கின்றன. ஆணி அடித்த இடத்திலும் கல் பட்டுச் சில்லு தெறித்த இடத்திலும் மட்டும்தான் துரு ஏறும். அந்தத் துரு வட்டத்தைப் பார்த்தே பலகை எப்படித் தொங்கியது, எத்தனை முறை இடம் மாறியது என்று சொல்லிவிடலாம். அதன்மேல் கடையில் வாங்கிய பெயின்டை அடித்துவிட்டீர்கள். காயாத மேல்பூச்சாக இருந்தால் ஓவியரிடமே கேட்டு எடுக்கப் பாருங்கள். இல்லாவிட்டால் அப்படியே விடுங்கள், சுரண்டி இன்னொரு முறை கெடுக்காதீர்கள்.

உங்களிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது தீப்பெட்டிப் பட ஆல்பம். அதை ஏன் கடைசியில் எழுதினீர்கள்? குடியாத்தத்தில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டிய காலம் ஒன்று உண்டு. கார் வாங்க நினைத்துக்கூடப் பார்க்காத கைகள் கார் படத்தைப் பசை தடவி ஒட்டின. எந்தப் படம் எந்த ஊரில் அச்சானது என்று விளிம்பில் இருந்தால் அதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். ஒரு படத்தையும் விற்காதீர்கள்.

இனி அந்தச் சாக்கு.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் என் மேசைமேல் என் அப்பாவின் நோட்டு திறந்து கிடந்தது. அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது புடவைகளுக்கு அடியிலிருந்து கிடைத்தது. அப்பா 1969 முதல் 1992 வரை காட்பாடி ஸ்டேஷன் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டினார். கறுப்பு அம்பாசிடர். லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டருக்கு மேல் கொடுக்காது, ஆனாலும் அதைத் தன் பிள்ளைபோலத் துடைப்பார். ஹவுரா பக்கமிருந்து மெட்ராஸ் வந்து, வேறு ரயில் பிடித்துக் காட்பாடியில் இறங்குவார்கள் நோயாளிகள். அவர்களை ஏற்றிக்கொண்டு விருதம்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் ஏறி, வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் விடுவது அவர் பிழைப்பு.

அது நீள நோட்டு. அட்டை போய்விட்டதால் சணல் கயிற்றால் தைத்திருக்கிறார். இடது ஓரம் தேதி. பிறகு புறப்பட்ட கிலோமீட்டர், வந்து சேர்ந்த கிலோமீட்டர், பெட்ரோல், வாடகை. வலது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டு, சவாரியைப் பற்றி ஒரு சொல், மிஞ்சினால் ஒரு வரி. "கண்." "சிறுநீரகம்." "சின்னப் பையன், மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்." கடைசி நான்கு பக்கங்களில் வங்காளச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஜொல், தண்ணீர். கொத்தாய், எங்கே. பேத்தா, வலி. ஆஸ்தே, மெதுவாக. இந்த 'ஆஸ்தே' மட்டும் மூன்று இடத்தில் வருகிறது, ஒன்றில் அடிக்கோடு போட்டிருக்கிறார். வயிற்றில் தையல் போட்டுத் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு பள்ளத்திலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "வந்தது 3 பேர். போனது 2 பேர். வாடகை வாங்கவில்லை."

இதை அவர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று இரவு சாப்பிட்டுவிட்டு எங்களோடு தாயம்கூட ஆடியிருப்பார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை.

இதுபோல ஆறு நோட்டு இருந்தன. 1993-இல், அவர் போன மறுவருடம், காரை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றேன். ஐந்து நோட்டும் டேஷ்போர்டுப் பெட்டியிலும் சீட்டுக்கு அடியிலும் காரோடு போய்விட்டன. எனக்கு அப்போது 24 வயது. ஜாக்கி இருக்கிறதா, ஸ்டெப்னி இருக்கிறதா, ஹேண்டில் இருக்கிறதா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடம் கழித்து அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "வாங்கிய அன்றே குப்பையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டோமே" என்றார். அவர் நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த டீயின் கசப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

அதனால்தான் உங்கள்மேல் கோபம் வருகிறது. உத்தர்பாரா கார் தொழிற்சாலையிலிருந்து 1967-இல் வெளிவந்த அத்தனை மார்க் 2-க்கும் அதே 1489 சி.சி. இன்ஜின்தான், அதே வளைந்த பானெட்தான். 2014-இல் அந்தத் தொழிற்சாலை மூடும்வரை அம்பாசிடர்களை லட்சக்கணக்கில் செய்தார்கள். உங்கள் வண்டியை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டியது அந்தச் சாக்கு ஒன்றுதான். ஆம்பூர்த் தோல் மண்டிக் கார் எங்கெல்லாம் போயிருக்கும்? பெரியமேட்டுக்குப் போயிருக்கும், மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போயிருக்கும், வாணியம்பாடிக்கும் பேரணாம்பட்டுக்கும் நாள்தோறும் போயிருக்கும். 1970-களின் தொடக்கத்தில் அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது நம் ஊர்த் தொழிலே தலைகீழாக மாறியது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்த தோலைக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், முழுப்பதத் தோலுக்கும் ஷூவுக்கும் போனார்கள். அந்த மாதங்களில் முதலாளி எத்தனை முறை மெட்ராஸுக்கு ஓடினார், எத்தனை இரவு திரும்பாமல் அங்கேயே தங்கினார் என்பதெல்லாம் டிரைவரின் நோட்டில் கிலோமீட்டராக இருந்திருக்கும். பாலாற்றில் எப்போது வெள்ளம் வந்து வண்டி நின்றது என்று இருந்திருக்கும். சம்பளத்தில் முன்பணம் வாங்கிய கணக்கு இருந்திருக்கும். அந்த டிரைவரின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் இல்லை.

செல்லரித்தது என்கிறீர்கள். துருவரித்த ரன்னிங் போர்டைத் தூக்கிப் போட்டீர்களா? டிங்கரிங் செய்து, ஈயம் பூசி, மூன்று மாதம் காத்திருந்து மாட்டியிருப்பீர்கள்.

அமெரிக்காவில் ஹாரா என்றொருவர் 1,400 கார்கள் அளவுக்குச் சேர்த்தார். 1978-இல் அவர் இறந்தபின் பெரும்பகுதி ஏலத்தில் சிதறிப் போனது. பழைய விளம்பரத் தாள்களும் ஒர்க்‌ஷாப் கையேடுகளும் வரைபடங்களும் கொண்ட அவருடைய நூலகம் ரீனோ நகர அருங்காட்சியகத்தில் தங்கியது. ஒரு கதவுக் கைப்பிடி எந்த வருடத்தது என்று சந்தேகம் வந்தால் இன்றும் அப்படிப்பட்ட காகிதத்தைத்தான் புரட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றை சிலிண்டர் பூஷோ காரில் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் போன கதை வேலூரில் எல்லோருக்கும் தெரியும். வண்டிச் சத்தம் கேட்டுப் பேய் வருகிறது என்று ஜனங்கள் ஓடினார்கள் என்பதும் தெரியும். அந்தக் காரை நம்மில் யார் பார்த்தோம்? எழுதி வைத்தார்கள், அதனால் தெரிகிறது.

எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். அதை இப்போது விடுங்கள். பழைய பேப்பர்க்காரர்கள் சில்லறையாக வாங்கியதை உடனே ஆலைக்கு அனுப்புவதில்லை. மொத்த வியாபாரியின் கிடங்கில் சேர்த்து, கட்டு கட்டி, லோடு நிறைந்த பிறகுதான் லாரி ஏற்றுவார்கள். ஒரு மாதம்தான் ஆகிறது. நாளைக் காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, உங்கள் தெருவுக்கு வரும் பேப்பர்க்காரரைப் பிடியுங்கள். எந்தக் கிடங்கில் போட்டார் என்று கேளுங்கள். கிடங்கில் கேட்கும் விலையைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். ஆம்பூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அந்த வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால் டிரைவரின் பெயர், ஊர், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டு கிடைத்தால் உடனே வெயிலில் காய வைக்காதீர்கள், மை போய்விடும். நிழலில் வைத்து, ஓர் அட்டையை அடியில் கொடுத்து, ஒவ்வொரு தாளாகப் பிரியுங்கள். செல்லரித்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மெதுவாக.

அன்புடன்.